இருபத்து நான்கு புளியங்கொட்டை

கேளுங்கள் பிள்ளைகளா, நடுவில் யாரும் எழுந்து ஓடக் கூடாது. முன்னொரு காலத்தில், ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் தாழைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்ட சேந்தன் ராஜாவுக்கு எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். நாடு முழுக்க ஒரே படி, ஒரே தராசு, ஒரே முழக்கோல். நல்ல ராஜாதான், பிடிவாதம்தான் கொஞ்சம் அதிகம்.

அங்கே பூதனார் என்ற கணக்கு வாத்தியாரிடம் மூன்று பிள்ளைகள் படித்தார்கள். செக்காட்டுபவர் மகள் செவ்வந்திக்குக் கணக்கென்றால் கரும்பு. வியாபாரி மகன் சாத்தன் யோசித்து யோசித்துச் சொல்லிவிடுவான். இடையர் மகன் ஆதனுக்கோ, பெரிய எண்ணைக் கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் வாத்தியார் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்.

விஷயம் ராஜா காதுக்குப் போயிற்று. வாத்தியாரைக் கூப்பிட்டு அதட்டினார்.

"என் நாட்டில் படி ஒன்று, உம் பள்ளியில் மட்டும் மூன்றா? நாளைக்கு வருகிறேன். மூவருக்கும் ஒரே கேள்வி கேளும். வாய் திறக்காத பிள்ளை இனிப் பள்ளிக்கு வரக் கூடாது. கேள்வி சப்பென்று இருந்தாலோ, பள்ளியே கிடையாது!"

வாத்தியார் வீட்டுக்கு ஓடினார். மணலில் ஒரு கேள்வி எழுதினார். ஆதன் அழுதுவிடுவானே என்று அழித்தார். இன்னொன்று எழுதினார். செவ்வந்தி கொட்டாவி விடுவாளே என்று அதையும் அழித்தார். மூன்றாவது எழுத விரலே வரவில்லை. "ஐயோ, அந்தப் பிள்ளையை நானே வெளியே தள்ளப் போகிறேனே!" என்று புலம்பினார்.

விடிந்தது. ராஜா வந்து உட்கார்ந்தார். "ம், கேளும்!"

வாத்தியார் சட்டென்று எழுந்தார். எண்ணிப் பழக மடியில் வைத்திருந்த புளியங்கொட்டைப் பை நழுவி, கொட்டையெல்லாம் சிதறிவிட்டது. ஆதன் பயத்தோடு ஓடிப்போய்ப் பொறுக்கினான். பொறுக்கியதை, பட்டியில் ஆட்டை நிறுத்துகிற மாதிரி வரிசையாக வைத்தான்.

அதைப் பார்த்ததும்தான் வாத்தியாருக்குக் கேள்வி கிடைத்தது. ஆளுக்கு இருபத்து நான்கு கொட்டை எண்ணிக் கொடுத்தார்.

"வரிசையெல்லாம் சமமாக இருக்க வேண்டும், ஒன்றும் மிஞ்சக் கூடாது. எத்தனை விதமாக அடுக்கலாம்? முடிந்தவரை செய்யுங்கள்."

சாத்தன் நான்கு வரிசை வைத்தான், கலைத்து ஆறு வைத்தான். செவ்வந்தி கொட்டையைத் தொடவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எட்டு விதத்தையும் சொன்னாள். "இன்னும் ஒரு கொட்டை கூடினால் மூன்று விதம்தான் வரும் மகாராஜா. ஏனென்று சொல்லட்டுமா?" என்றாள், வாயாடி!

ஆதன் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. ராஜாவின் பார்வை அவன் மேலேயே இருந்தது. கொட்டை நகர்ந்தது, நகர்ந்தது, இன்னும் நகர்ந்தது.

"இதுல பன்னிரண்டு... அதுலயும் பன்னிரண்டு. சரியா இருக்குங்க ஐயா!"

வாய் திறந்துவிட்டான்! வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கேள்வி ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். மூவரும் நாளைக்கும் வரட்டும்" என்று ராஜா எழுந்தார்.

"இருங்க ராசா, மூணு வரிசையும் வரும் போல இருக்கு!"

ஆதன் கொட்டைகளை மறுபடி கலைத்துக்கொண்டிருந்தான். வெளியே பல்லக்கு காத்திருந்தது. ராஜா திரும்பி வந்து, தரையில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஆகையால் பிள்ளைகளா, அவரவருக்கு எட்டுகிற இடத்திலிருந்து தொடங்க விட்டால்தான் எல்லோரும் கற்றுக்கொள்வார்கள்.