குழாயடி ஆரத்தி

பாளையங்கோட்டையில் ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு ஒரு மாடி வீடு. மாடியில் அவருக்குப் புதுக் குழாய். கீழே குடியிருந்த செண்பகத்துக்கு அவர் அப்பா காலத்து இரும்புக் குழாய். திறந்தால் செக்கச்செவேலென்று துருத் தண்ணீர்தான் கொட்டும்.

"அண்ணாச்சி, குழாயை மாத்திக் கொடுங்க" என்று அவள் கேட்டால் மனுஷன் மீசையைத் தடவுவார். "அது பன்னீர்லா! துருன்னு என் வாயாலேயே சொல்ல வை, மறுநாளே மாத்துதேன்."

"சரி அண்ணாச்சி" என்று போய்விட்டாள் செண்பகம்.

தை மாதம் அவர் மகனுக்குக் கல்யாணம். மணமக்கள் வாசலுக்கு வந்ததும் ஆரத்தி எடுத்தவள் செண்பகம்தான். சம்பந்தி அம்மாள் தட்டை எட்டிப் பார்த்து அசந்துபோனாள். "அடேயப்பா, என்ன நிறம்! மஞ்சளும் சுண்ணாம்பும் எவ்வளவு போட்டே?"

"ஒண்ணுமே போடலைம்மா. அண்ணாச்சி வீட்டுக் குழாயில பிடிச்ச பன்னீரு!" என்ற செண்பகம், அதே தண்ணீரில் ஒரு தம்ளர் எடுத்துப் புதுப்பெண்ணிடம் நீட்டினாள். "களைச்சு வந்திருக்கே, ஒரு வாய் குடி தாயி."

பெண் அதை வாயருகே கொண்டுபோனதுதான் தாமதம், அண்ணாச்சி பாய்ந்து பிடுங்கினார். "குடிக்காதம்மா! அது துருத் தண்ணி!"

வாசலே சிரித்தது. மறுநாள் சுவரை உடைத்துப் புதுக் குழாய் போட்டார்கள்.

அடுத்த வருஷம் பேரன் வீட்டுக்கு வந்த அன்று, ஆரத்தி கரைக்க உட்கார்ந்த செண்பகம் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "அண்ணாச்சி, தண்ணி வெளுத்துப் போச்சு. இனிமே மஞ்சள் வாங்கித் தரணும்!"