சிலந்தி நடுவில் உட்கார்ந்த கதை

அந்தக் காலத்தில், மயில் காட்டை ஆண்டபோது, சிலந்திகள் அரண்மனைக்கு லேஸ் பின்னிக் கொடுத்துவந்தன. முடித்ததும் இலைக்கடியில் ஒதுங்கிவிட வேண்டும். தன் வேலையின் மேல் தானே நிற்பது மரியாதையில்லை என்று அரண்மனையில் சொல்லிவைத்திருந்தார்கள். சொன்னவர்களில் ஒருவரும் ஒரு முடிச்சுக்கூடப் போட்டவரில்லை.

ஒருநாள் காட்சி மண்டபத்துத் திரை கிழிந்தது. அதைச் சரிசெய்ய எட்டம்மா என்ற சிலந்தியும் அவள் தோழி மாடத்தியும் முதல்முறையாக உள்ளே போனார்கள். உடுத்திக் கிழித்திருப்பார்கள் என்று நினைத்திருந்த லேஸெல்லாம் அங்கே மரச்சட்டங்களில் விரிந்து மின்னிக்கொண்டிருந்தது.

"ஏட்டி மாடத்தி, இந்தக் கோணல் இழையைப் பாரு! என் கால் ஒடிஞ்ச அன்னைக்குப் பின்னினது."

"உன் காலு மாதிரியே கோணிக்கிட்டு நிக்குதுக்கா. கீழே பலகையில என்ன எழுதியிருக்கு?"

"மன்னர் மயிலாரின் கைவண்ணம்."

"மயிலுக்குக் கை ஏதுக்கா?"

காவல் கீரி அதட்டியது. "வேலை முடிஞ்சா கிளம்புங்க. நாளைக்கு அன்னம் பார்க்க வருது. மன்னர் பின்னினதுன்னு நாடுநாடாப் போய்ச் சொல்லப்போகுது."

அன்னம் சொன்னால் உலகம் நம்பிவிடும். பிறகு அந்தப் பெயரை யாராலும் அழிக்க முடியாது.

எட்டம்மா கிளம்பவில்லை. சட்டத்தில் ஏறினாள். தன் லேஸின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தாள்.

"அங்கே ஏன் உட்கார்ந்தே?" என்று கீரி கத்தியது.

"பின்னினவ நான். வேற எங்கே உட்காரணும்?"

மாடத்தியும் பக்கத்துச் சட்டத்தில் ஏறினாள். செய்தி காட்டுக்குள் பரவ, மற்றச் சிலந்திகளும் இரவோடிரவாக மண்டபத்துக்கு வந்துவிட்டன. முதலில் மனு கொடுத்துப் பார்க்கலாம் என்றது ஒரு கிழட்டுச் சிலந்தி. "கொடுத்த மனுவெல்லாம் எங்கே தாத்தா?" என்று கேட்டார்கள். அதுவும் ஏறி உட்கார்ந்தது. பொழுது விடிந்தபோது ஒவ்வொரு லேஸின் நடுவிலும் அதைப் பின்னியவர் இருந்தார்.

மயில் தோகை சிலிர்க்க ஓடிவந்தது. "கீரி! வாலால் அடித்துத் தள்ளு!"

கீரி வாலைத் தூக்கியது. அப்படியே நின்றுவிட்டது. "அடிச்சா லேஸும் சேர்ந்து கிழியும், மன்னா. அன்னத்துக்கு எதைக் காட்டுறது?"

மயில் கொத்தப் போனது. கொத்தினாலும் கிழியும். வாசலில் அன்னத்தின் சிறகோசை கேட்டது.

"பலகையை எல்லாம் கழற்று," என்றது மயில். கீரி ஓடி ஓடிக் கழற்றியது.

உள்ளே வந்த அன்னம் மூச்சடைத்து நின்றது. "இதெல்லாம் யார் கைவேலை?"

மயில் தோகையை மடக்கிக்கொண்டது. "நடுவில் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள்தான்."

"பேரைச் சொல்லுங்க, மன்னா," என்றாள் எட்டம்மா. ஒவ்வொரு பெயராகக் கேட்டுக் கேட்டு, மயில் தன் வாயாலேயே சொல்லி முடித்தது. மண்டபம் அதிரச் சிரித்தார்கள்.

கீரி அன்று தூக்கிய வால், துடைப்பமாகி இன்றும் நம் வீடுகளில் அலைகிறது. அலையட்டும். அன்று முதல்தான் சிலந்தி தான் பின்னியதன் நடுவில் தானே உட்காருகிறது; கிழித்தால் மறுபடி பின்னி, மறுபடியும் அங்கேயே உட்காருகிறது.