முட்டுக்கு ஒரு குருத்து

சீன நாட்டு மூங்கில் காடு ஒன்றில், இலையுதிர் காலத்தின் கடைசி நாளன்று அரசவை கூடியது. அன்று வந்திருந்தவர்கள்: அரசர் பாண்டா கரடி ஒருவர், சடங்கு அமைச்சர் மலையாடு ஒன்று, களஞ்சியக் காவலர் முயல் ஒன்று, மான்கள் மூன்று, முள்ளம்பன்றிகள் நான்கு. ஆகப் பத்துப் பேர்.

களஞ்சியத்தில் தொள்ளாயிரம் மூங்கில் குருத்துகள் இருந்தன. குளிர்காலம் தொண்ணூறு நாள். ஆளுக்கு நாளுக்கு ஒன்று. கணக்கு சரியாக இருந்தது.

அப்போது பக்கத்து மலையிலிருந்து ஒரு குரங்கு வந்தது. ஒரு பைன் காயைக் காணிக்கையாக வைத்தது. பிறகு மூன்று முறை மண்டியிட்டு, ஒவ்வொரு முறையும் மூன்று தடவை நெற்றியால் மேடைப் பலகையை முட்டி வணங்கியது.

பாண்டா அரசருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"அமைச்சரே, பதிலுக்கு என்ன கொடுப்பது?"

"கொண்டுவந்ததைவிடப் பெரிதாகக் கொடுக்க வேண்டும், அரசே. அதுதான் நம் வம்சத்தின் வழக்கம்," என்றது மலையாடு.

"அப்படியானால் ஒரு முட்டுக்கு ஒரு குருத்து."

முயல் மெல்ல முன்னே வந்தது. "அரசே, ஒன்பது குருத்து போனால் ஒரு நாள் ஒன்பது பேர் பட்டினி."

"பத்தாவது ஆள் யார்?"

"நீங்கள்தான், அரசே."

"அப்புறம் என்ன? கொடு."

"எத்தனை முட்டு வரை என்று ஓர் எல்லையாவது வையுங்கள்."

"மரியாதைக்கு எல்லை வைக்கச் சொல்கிறாயா? முடிந்தவர்கள் முடிந்தவரை முட்டட்டும்."

ஒன்பது குருத்தோடு குரங்கு போயிற்று. அதன் நெற்றி சிறிது வீங்கியிருந்தது. தடவிக்கொண்டே அது யோசித்தது.

மறுநாள் குரங்கு மறுபடி வந்தது. கூடவே சிவப்புக் கொண்டையோடு ஒரு மரங்கொத்தியும், பின்னால் கூடை தூக்கிய பன்னிரண்டு குரங்குகளும் வந்தன. புழு நிறைந்த பட்டமரம் ஒன்றைத் தருவதாகச் சொல்லி மரங்கொத்தியை அழைத்து வந்திருந்தது குரங்கு.

"அரசே, இவர் எங்கள் மலையின் தூதர். உங்களை வணங்க வேண்டும் என்று மூன்று நாளாகத் தூங்கவில்லை."

"வணங்கட்டும்," என்றார் அரசர்.

மரங்கொத்தி குனிந்தது. டக டக டக டக டக.

மலையாடு எண்ணத் தொடங்கியது. நாற்பதில் அதன் நாக்கு குழறியது. முயல் மட்டும் விடாமல் எண்ணியது.

இருநூறில் அரசரின் கண்கள் கலங்கின. "என்ன பணிவு, பாருங்கள்."

ஐந்நூறில் குரங்குகள் கூடைகளை நிரப்பத் தொடங்கின.

எழுநூறில் அரசர் மலையாட்டின் காதருகே குனிந்தார். "போதும் என்று சொல்லும்."

"சொல்லக் கூடாது, அரசே. வணங்குகிறவரை இடையில் நிறுத்துவது அவமரியாதை."

"முயலே, நீயாவது சொல்."

"எழுநூற்று நாற்பது, அரசே," என்றது முயல்.

எண்ணூற்று எண்பத்து நான்காவது முட்டில் பலகை பிளந்தது. அலகு அதில் மாட்டிக்கொண்டது. குரங்கு பிடித்து இழுத்து விட்டது.

மரங்கொத்தி தலையை உதறிக்கொண்டது. "வேறு பலகை இருக்கிறதா?"

"இல்லை," என்று பத்துப் பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

நிரம்பிய கூடைகளைக் குரங்கு பார்த்தது. பிறகு அவையைப் பார்த்தது. "என் மலைக்கு வருகிறவர்களுக்கு நாளுக்கு ஒரு குருத்து உண்டு. யாரும் எதையும் முட்ட வேண்டாம்."

அவைக்கு ஒரு நாளைக்குக்கூடப் போதாமல் களஞ்சியம் வற்றினால் வம்சம் மாறும் என்பது அந்த நாட்டு வழக்கம். முதலில் மான்கள் மூன்றும் எழுந்தன. அடுத்து முள்ளம்பன்றிகள் நான்கும் எழுந்தன. முயல் சாவியை மேடையில் வைத்துவிட்டு, "பத்து வாயைக் காப்பாற்ற நினைத்தேன், அரசே. இப்போது ஒன்றையாவது காப்பாற்றிக்கொள்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் போனது.

"அமைச்சரே, நீருமா?"

"மன்னிக்க வேண்டும், அரசே," என்றது மலையாடு. அரசருக்கு முதுகு காட்டக் கூடாது என்பதால், அது மலை வரை பின்னோக்கியே நடந்தது. வழியில் இரண்டு முறை விழுந்தது.

அரண்மனையில் மீதி: அரசர் ஒருவர், வணங்குகிறவர் யாருமில்லை, குருத்து ஏழு.

நீதி: மரியாதையை விலை கொடுத்து வாங்கினால், கொடுக்க ஒன்றும் இல்லாத நாளில் மரியாதையும் போய்விடும்.