முன்மொழிந்தவர்

கொம்பையாவுக்கு வயது அறுபத்திரண்டு. மாவு மில் வைத்திருந்தார். அவருடைய ஞானகுரு உலகம்மைக்கு நாற்பத்தொன்று. இந்த வயதில் மகள் வயசுக்காரியிடம் என்ன பாடம் என்று ஊரில் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்கள் பெயரெல்லாம் கொம்பையாவுக்கு இன்றும் தெரியும்.

நல்லாற்றூர் நகராட்சியில் ஒரு விதி இருந்தது. வார்டில் பாதிப் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டால் கவுன்சிலரைத் திரும்ப அழைக்கலாம். ஆனால் கையெழுத்து மட்டும் போதாது. மன்றத்தில் ஒருவர் எழுந்து மனுவை வாசிக்க வேண்டும். கவுன்சிலர் கேட்பதற்கெல்லாம் அங்கேயே பதில் சொல்ல வேண்டும். பிறகு வார்டு மக்கள் கை தூக்குவார்கள். தோற்றால் பதவிக்காலம் முடிகிற வரை வேறு மனு கிடையாது.

மூன்றாவது வார்டில் குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கலந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கொம்பையாவின் பேத்தி உட்பட ஒன்பது பிள்ளைகளுக்கு மஞ்சள்காமாலை. கவுன்சிலர் தங்கப்பழம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கொம்பையா வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினார். மன்றத்தில் மனுவை வாசிக்க வேண்டிய நாளன்று காலை, மனுக்கட்டோடு உலகம்மை முன் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்கதான் வாசிக்கணும்."

"ஏன், உங்களுக்கு வாசிக்க வராதா?"

"நாலாங் கிளாஸ்தான். எழுத்துக் கூட்டி வாசிச்சிருவேன். ஆனா நான் எந்திரிச்சா அவன் ஒரே வார்த்தையில அடிச்சிருவான். சொந்தப் பகைன்னுருவான்."

"பொய்யா சொல்லுவார்?"

கொம்பையா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"பொய் இல்ல. நூலகத் திறப்பு விழாவுல முன்வரிசையில உக்காந்திருந்தேன். 'அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிங்க'ன்னு சொல்லி என் நாற்காலியில கான்ட்ராக்டரை உக்கார வச்சான். அத்தனை சனம் பாக்க."

"எப்போ?"

"ஒரு வருஷம் ரெண்டு மாசம். நாள் கணக்கும் சொல்லட்டுமா?"

உலகம்மை சிரித்துவிட்டார். தங்கப்பழத்தை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லப்போகிறார் என கொம்பையா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். அவர் அதைச் சொல்லவில்லை. ஒரு செம்பை நீட்டினார்.

"உங்க தெருக் குழாயில பிடிச்சிட்டு வாங்க."

கொம்பையா போய்ப் பிடித்து வந்தார். தண்ணீர் பழுப்பாக இருந்தது. இருவருக்கும் நடுவில் வைத்ததுமே நாறியது.

"அன்னைக்கு உங்களை எழுப்பாம இருந்திருந்தா, இது எப்படி இருக்கும்?"

"இப்படித்தான்."

"இன்னைக்கு நீங்க அவரை மன்னிச்சிட்டா?"

"அப்பவும் இப்படித்தான்."

"அப்போ பகைன்னு சொன்னா ஆமான்னு சொல்லிட்டு உக்காருங்க. அதுக்கு நான் எதுக்கு?"

கொம்பையா எழுந்திருக்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"அவன் இன்னொன்னும் கேப்பான்."

"என்ன?"

"தேர்தல்ல அவனை முன்மொழிஞ்சதே நான்தான். ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, 'இவனுக்கு நான் பொறுப்பு'ன்னு சொன்னேன். அந்த வாசல்லதான் இப்ப பிள்ளைக சுருண்டு கிடக்கு. பகையைச் சொல்ல எனக்கு வெக்கம் இல்லம்மா. இதைச் சொல்லத்தான் வாய் வரல."

உலகம்மை செம்புத் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு வந்தார்.

"அந்த வாசல்களுக்கு நான் போகலையே, ஐயா."

கொம்பையா மனுக்கட்டை எடுத்துக்கொண்டு மன்றத்துக்கு நடந்தார்.

வாசித்து முடிக்க அரைமணி ஆனது. இரண்டு இடத்தில் தடுமாறினார். யாரும் சிரிக்கவில்லை. தங்கப்பழம் சாவகாசமாக எழுந்தார்.

"அண்ணாச்சிக்கு நாற்காலி போச்சேன்னு கோபம். அதுக்கு மனு, கையெழுத்து, ஊர்க்கூட்டம். அப்படித்தான அண்ணாச்சி?"

"ஆமா, கோபம்தான். இன்னும் ஆறல."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. தங்கப்பழமும் சேர்ந்து சிரித்தார்.

"என்னை முன்மொழிஞ்சது யாரு? அதையும் சொல்லுங்க."

"நான்தான்." கொம்பையா அவரை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "நான் சொன்னேன்னுதான் நீங்க ஓட்டுப் போட்டீங்க. நான் சொன்னது தப்பு. இவனுக்கு நான் பொறுப்புன்னு சொன்னேன் இல்லையா? அந்தப் பொறுப்புலதான் இன்னைக்கு வந்து நிக்கேன். கொண்டுவந்து விட்டவனே கூட்டிட்டுப் போறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. முதலில் ஒரு பெண் கை தூக்கினாள். பிறகு வரிசை வரிசையாகத் தூக்கினார்கள். ஆணையர் எண்ணி முடிப்பதற்குள் தங்கப்பழம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்து கொம்பையா குருவிடம் வந்தார். வேட்டி புதிதாக இருந்தது.

"குழாய் தோண்ட ஆரம்பிச்சிட்டாங்கம்மா. இடைத்தேர்தலும் அறிவிச்சாச்சு. வார்டே என்னை நிக்கச் சொல்லுது."

"நல்லது."

"ஆனா பதவிக்குப் போனா நானும் இன்னொரு தங்கப்பழம் ஆயிருவேனோன்னு ஒரு பயம். நிக்கலாமா?"

"உங்களை யார் முன்மொழியறாங்க?"

"என் மச்சினன். தங்கமான மனுசன். நான் என்ன செஞ்சாலும் ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டான்."



"உங்க தெருவில உங்க மேல கோபமா இருக்கிறவங்க யாரும் இல்லையா?"

"ஏன் இல்ல? டீக்கடை இசக்கி இருக்கானே. மில்லு சத்தத்துல ஆரம்பிச்ச சண்டை. பதினோரு வருஷமா என் முகத்துல முழிக்கிறதில்ல. நான் எங்க சறுக்குவேன்னே பாத்துக்கிட்டு இருப்பான்."

"அவர்கிட்ட போய் முன்மொழியச் சொல்லிக் கேளுங்க" என்றார் உலகம்மை.