வாலாயி கொடுத்த ஓர் இழை

அந்தக் காலத்தில், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்கூட ஒன்றோடொன்று வாய்விட்டுப் பேசிய காலத்தில், ஒரு குளத்தின் அடியில் கிடந்த அரசிலையில் இரண்டு குலத்தார் அண்டை அயலாக வாழ்ந்தார்கள். நீளமாக இருந்தவர்கள் குச்சிக்குலம், அறுபத்து நான்கு பேர். உருண்டையாக இருந்தவர்கள் உருண்டைக்குலம், முப்பத்திரண்டு பேர். இது கதை தொடங்கும் நாழிகையின் கணக்கு. ஒவ்வொருத்தியும் நாழிகைக்கு ஒருமுறை நடுவில் சுவர் எழுப்பி இரண்டு பேராகிவிடுவாள் என்பதால், இந்தக் கணக்கு நிற்காது.

ஒவ்வொருத்தி உடம்பிலும் இரண்டு இழை முறுக்கிய நூல் ஒன்று உண்டு. எதைத் தின்பது, எப்படிச் சுவர் கட்டுவது என்பதெல்லாம் அதில் மணிமணியாகக் கோத்திருக்கும். நூல் தாயிடமிருந்து மகளுக்குத்தான் போகும். அயலாருக்கு ஒரு மணிகூடத் தரக்கூடாது என்பது கட்டுப்பாடு. தந்தால் தந்தவளுக்கு இல்லாமல் போய்விடும் என்று நம்பினார்கள். இரண்டாகப் பிரியும்போது எல்லாருக்கும் மயக்கம் வந்துவிடும். அதனால் ஒரு நூல் எப்படி இரண்டு நூலாயிற்று என்று ஒருத்தியும் கண்ணால் கண்டதில்லை.

குச்சிக்குலத்தில் வாலாயி என்று ஒருத்தி. பக்கத்தில் உருண்டைக்குலத்துக் குண்டுமுத்து. வாலாயி வாலை ஆட்டி நீந்தப் புறப்பட்டால் குண்டுமுத்துக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"அவ்வளவு தூரம் போயிட்டு இந்த இலைக்கேதானே திரும்பி வாறே மதினி. என்னை மாதிரி உருண்டுகிட்டே கிடக்கலாம்ல?"

"உருண்டு உருண்டுதான் உனக்குக் கழுத்தே இல்லாமப் போச்சு" என்பாள் வாலாயி. அவளுக்கும்தான் கழுத்து கிடையாது.

கணக்கெடுத்த அந்த நாழிகையிலேயே இலைக்காம்பில் பூஞ்சணம் முளைத்தது. இலை முழுவதும் தனக்கே வேண்டும் என்று ஒரு சாற்றைக் கசியவிட்டது. சாறு பட்டவளுக்குச் சுவரின் ஓரம் ஒன்றோடொன்று ஒட்டாது. பிரியும் நேரம் வந்ததும் வெடித்துப் போவாள். குச்சிக்குலத்தாருக்கு நீள நூலைத் தவிர, அதே மாதிரி இரண்டு இழை முறுக்கிய சின்ன வளையம் ஒன்றும் இருந்தது. அந்தச் சாற்றைத் துண்டாக்கும் கத்தரியைச் செய்யும் விதம் அதில் இருந்ததால் அவர்கள் தப்பித்தார்கள். உருண்டைக்குலத்தில் முப்பத்தொரு பேர் வெடித்தார்கள். குண்டுமுத்து அரை நாழிகை பிந்திப் பிறந்தவள், அதனால் மிஞ்சியிருந்தாள். அவளுக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

வாலாயி அவள் அருகே போய் நின்றாள். குண்டுமுத்து கேலி பேசவில்லை. நடுவில் சுவர் எழும்பத் தொடங்கிவிட்டது, ஓரம் கூடவில்லை என்று மட்டும் சொன்னாள்.

வளையத்தில் பாதியைக் கொடுக்கலாமா என்று வாலாயி தன் குலத்தாரிடம் கேட்டாள். ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. முழு வளையத்துக்குத்தான் முழுக் கத்தரி, பாதியை வைத்துக்கொண்டு நீயும் வெடிப்பாய், வெடிக்கப் போகிறவளோடு வெடிப்பதில் யாருக்கு லாபம் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரி என்றே அவளுக்கும் பட்டது. அவளுக்கும் பிரிய வேண்டிய நேரம் கால் நாழிகையில் வரவிருந்தது.

ஆனாலும் திரும்பி வந்தாள். இலையைப் பற்றிக்கொள்ள வைத்திருந்த நுண்மயிரை நீட்டிக் குண்டுமுத்துவைத் தொட்டு, பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் மதினி. உனக்கு என்ன மிஞ்சும்?"

"ஒரு இழை மிஞ்சும். ஆளுக்கு ஒண்ணு. அதை வச்சு எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம்."

வளையத்தின் முறுக்கை அவிழ்த்தாள். ஓர் இழையை மெல்ல மெல்ல அந்தப் பக்கம் தள்ளினாள். மற்ற இழை அவளுக்குள் தனியாகத் துவண்டு கிடந்தது.

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். இதுவரை எந்தக் கண்ணும் பார்க்காததை, மயக்கமில்லாமல், முழு விழிப்பில் பார்த்தாள். மணிகள் நான்கே வகை. ஒவ்வொரு வகைக்கும் எதிரே உட்கார ஒரே ஒரு ஜோடிதான். உடம்பில் சும்மா மிதந்துகொண்டிருந்த மணிகள் ஒவ்வொன்றாக வந்து, தன் ஜோடிக்கு எதிரே, தன் இடத்தில் உட்கார்ந்தன. எண்ணிக்கொண்டே வந்தாள். ஐயாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. முன்பு இருந்ததும் அதே கணக்கு. ஒன்றுகூடக் குறையவில்லை.

"உனக்கு?" என்று கேட்டாள்.

குண்டுமுத்து தனக்குள் பார்த்தாள். அவளுக்குள்ளும் இழைக்கு எதிரே இழை நிறைந்து, கத்தரி தயாராகிச் சாற்றை நறுக்கத் தொடங்கியிருந்தது. சுவரின் ஓரங்கள் நெருங்கி வந்து கூடின. இரண்டு குண்டுமுத்துகள் பிரிந்து நின்றார்கள்.

நுண்மயிரை நீட்டும் விதமும் அந்த வளையத்திலேயே இருந்தது. வாலாயிக்கே அது தெரியாது. வேறெங்கிருந்தோ மிதந்து வந்த, வளைந்த உடம்புக் குலத்தாள் ஒருத்தி, பெயர்கூடத் தெரியாதவள், சாற்றில் நனைந்து அந்தப் பக்கம் தவித்துக்கொண்டிருந்தாள். இரண்டு குண்டுமுத்துகளும் ஒரே நேரத்தில் அவளை நோக்கி மயிரை நீட்டினார்கள்.

அன்று முதல்தான் அந்தச் சின்ன உயிர்கள், பக்கத்தில் இருப்பது எந்தக் குலம் என்று கேட்காமல், வளையத்தின் ஓர் இழையை நீட்டிக் கொடுத்துவிடுகின்றன. பூஞ்சணத்தின் அந்தச் சாற்றிலிருந்து நாம் எடுத்த மருந்து சில வேளை அவர்களிடம் பலிக்காமல் போவதும் அன்று முதல்தான்.