தெருமுனையில் போட்ட மூட்டை

"எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் தாயே. ஆனாலும் மனசு அடங்கவில்லை" என்றார் வைத்திலிங்கம்.

ஓய்வு பெற்ற அதிகாரி அவர். குரு மங்கையர்க்கரசி அவரைவிட மிகவும் இளையவர். ஆனாலும் அவர் முன் கைகட்டித்தான் நின்றார் வைத்திலிங்கம்.

"எதையெல்லாம் விட்டீர்கள்?"

"கைப்பேசி, லேப்டாப், ரேடியோ. மனசைக் கெடுத்ததெல்லாம் அதுகள்தான். ஒயர், சார்ஜர்கூட மிச்சம் வைக்கவில்லை. ஒரே மூட்டையாகக் கட்டித் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டேன்."

"அங்கிருந்து எங்கே போயிருக்கும்?"

"தெரியவில்லையே."

"வாருங்கள், பார்த்துவிட்டு வரலாம்."

ஊருக்கு வெளியே, குப்பைமேட்டின் ஓரமாக ஒரு பெண் ஒயர்களைக் கொளுத்திக்கொண்டிருந்தாள். பெயர் அஞ்சலை. முந்தானையால் வாயை மூடிக் கட்டியிருந்தாள். ஒயர்களின் மேலுறை உருகி வழிய, உள்ளே செம்பு தெரிந்தது.

கரும்புகை வைத்திலிங்கத்தின் முகத்தில் அடித்தது. கண் எரிந்தது. இருமினார்.

"ஐயோ, இப்படி வந்து நில்லுங்க சார்."

தான் நின்ற இடத்தை அவருக்கு விட்டுவிட்டு, அவள் புகைக்குள் போய் நின்றாள்.

"நீ ஏம்மா அங்கே போறே?"

"எனக்குப் பழகிடுச்சு சார்." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் இருமல் வந்துவிட்டது.

"இதெல்லாம் எங்கிருந்தும்மா வருது?" என்று கேட்டார் குரு.

"எல்லா வீட்டிலேருந்தும்தான் சாமி. புதுசு வாங்கினா பழசு இங்க வந்துடும். போன வாரம் ஒரு மூட்டை வந்துச்சு. போனு, லேப்டாப்பு, ரேடியோ, எல்லாம் நல்லா இருக்கு. பாவம், அந்த வீட்டுல யாரோ தவறிட்டாங்க போலன்னு நெனச்சேன். ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் பிரிச்சேன்."

வைத்திலிங்கம் தலை குனிந்தார்.

எரியும் ஒயர்களைப் பார்த்தபடி கேட்டார்: "கொளுத்தாம செம்பை எடுக்க முடியாதாம்மா?"

"கத்தியால உரிக்கலாம் சார். ஒத்தை ஆளு உரிச்சா எப்ப முடியும்? அடுப்பு எரிய வேணாமா?"

அவர் குருவைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார்.

"கிளம்பலாமா?" என்றார் குரு.

வைத்திலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டினார். மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எரியாமல் கிடந்த ஒயர்க் குவியலைத் தன் பக்கம் இழுத்தார்.

"இன்னொரு கத்தி இருக்காம்மா?"

அஞ்சலை அவரையே பார்த்தாள். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி நெருப்பின் மேல் போட்டாள்.