பிடித்ததா என்று பார்த்தவர்

இறால் ஆலைப் பெண்களுக்குச் சங்கம் கட்டி இருபது நாள் ஆகவில்லை. அதற்குள் சிங்கமுத்துவுக்கு மண்டை கொதித்தது. முப்பத்தாறு ஆண்டு கொடி பிடித்த மனிதர். சட்டைப்பையில் ஒரு தாள். கூட்டத்துக்கு வராத பதினான்கு பேரின் பெயர் அதில். நாளை அத்தனை பேரையும் சங்கத்தை விட்டு நீக்கப்போகிறார்.

கையில் ஒரு தொட்டி. இரண்டு வாரத்துக்கு முன் குருவம்மா கொடுத்த செம்பருத்திக் குச்சி அதில் மொட்டையாக நின்றது. மடத்து நாற்றங்காலைப் பார்க்கிற குருவம்மாதான் சிங்கமுத்துவுக்குக் குரு; சிஷ்யரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

"சோதாக் குச்சியைக் கொடுத்துட்டீங்க." தொட்டியை நங்கென்று வைத்தார்.

"என்ன செஞ்சீங்க, தலைவரே?"

"ஒரு குறையும் வைக்கல. உச்சி வெயில்ல வச்சேன். ரெண்டு கை உரம் போட்டேன். தினமும் பார்த்தேன்."

"கண்ணாலயா, கையாலயா?"

"லேசா இழுத்துத்தான். பிடிச்சிருக்கான்னு தெரிய வேண்டாமா?"

குருவம்மா குச்சியை உருவினார். அடியில் வேர்கள் கருகி, அறுந்து தொங்கின. அவர் முகம் சிவந்தது.

"வேர் விட்டதைத்தானே கொடுத்தேன்? பிடிக்க விட்டீங்களா?"

"செடிப் பேச்சு போதும்!" சட்டைப்பையைத் தட்டினார். "கூட்டத்துக்கு வராத பதினாலு பேரை நாளைக்கு நீக்கப்போறேன். அவளுக பயந்தாங்கொள்ளிங்க. நான் போலீஸ்கிட்ட அடி வாங்கினவன்!"

"வாங்கின அடியை அவங்களுக்கா திருப்பிக் கொடுக்குறீங்க? பத்து மணி நேரம் ஐஸ்ல நின்னு கை மரத்துப் போனவங்க. வாரத்துக்கு எத்தனை கூட்டம் போட்டீங்க?"

"நாலு."

"எதுக்கு?"

"உறுதியா இருக்காங்களான்னு பார்க்க…"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

குருவம்மா வேர் விட்ட வேறொரு குச்சியை எடுத்துவந்தார். சின்னத் தொட்டி ஒன்றைத் துடைத்தார்.

"பையில இருக்கிற தாளைக் கொடுங்க."

கொடுத்தார். குருவம்மா அதை நாலாக மடித்து, தொட்டியின் அடி ஓட்டை மேல் வைத்தார். மண்ணை அள்ளப் போனார்.

"குருவம்மா! அது பதினாலு பேரோட பேரு!"

"தெரியும். அடியில அவங்க இல்லைன்னா, ஊத்துற தண்ணியில மண்ணு அத்தனையும் போயிடும், தலைவரே."